சர்க்கரைப் பொங்கல் மட்டுமே இரவு உணவாகலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை இரவு வேறு எந்தச் சமையலும் கிடையாது. எழுபது வயதான என் அத்தை (கணவரின் தாயார்) காலையில் ஒரு காபியோடு விரதம் தொடங்கி, மாலையில் விளக்கேற்றிப் படைத்த பிறகு சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டு விரதத்தை முடிப்பார். நாங்கள் ஐந்து பேருமே அன்று அதைத்தான் வயிறு நிறையச் சாப்பிடுகிறோம். ஒன்றரை டம்ளர் பச்சரிசி, கால் டம்ளர் பாசிப்பருப்பு, இரண்டு டம்ளர் பொடித்த வெல்லம், அரை டம்ளர் நெய், கொஞ்சம் முந்திரி என்பது எங்கள் அளவு. இப்போது பிள்ளைகள் மற்ற நாட்களிலும் தேங்காய்ப்பால் ஊற்றிய ஆப்பம், சீனியும் தேங்காய்ப்பூவும் கலந்த இடியாப்பம், பால் கொழுக்கட்டை என்று இனிப்பாகவே கேட்பதால் வாரத்தில் மூன்று இரவு அப்படிப் போய்விடுகிறது. என் கணவருக்கு 46 வயது, எடை 78 கிலோ. சென்ற மாதப் பரிசோதனையில் எச்பிஏ1சி 6.1 என்று வந்திருக்கிறது. அத்தை பல ஆண்டுகளாகச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர். மகளுக்கு 14 வயது, மகனுக்கு 9. இனிப்பையே ஒரு வேளை உணவாகச் சாப்பிடுவது தவறா? வெல்லத்துக்குப் பதிலாகக் கருப்பட்டி போட்டால் சரியாகிவிடுமா? மீந்த பொங்கலை மறுநாள் காலையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அளவுகளை எழுதியிருப்பது பெரிய உதவி. "இனிப்புச் சாப்பிடலாமா" என்று மட்டும் கேட்பவர்களுக்கு ஊகத்தில்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களுக்குக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். இனிப்பான ஒரு பண்டத்தை ஒரு வேளையின் முழு உணவாகச் சாப்பிடுவதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பண்டத்துக்குள் ஒரு வேளை உணவு இருக்க வேண்டும். நீங்கள் எழுதியுள்ள அளவில் செய்யப்படும் பொங்கலில் அது இல்லை. அது சாப்பாட்டின் ஓரத்தில் இரண்டு கரண்டி வைத்துக்கொள்வதற்கான அளவு. அந்த அளவை அப்படியே பெருக்கி வயிற்றை நிரப்புவதுதான் சிக்கல். இரண்டாவதாக, உங்கள் வீட்டிலுள்ள ஐந்து பேருக்கும் ஒரே பானையிலிருந்து ஒரே அளவில் பரிமாறுவதும் சரியாக வராது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வீட்டு டம்ளர் ஒன்று ஏறத்தாழ 200 கிராம் அரிசி பிடிக்கும் என்று கொள்கிறேன். அப்படியானால் உங்கள் பானையில் 300 கிராம் அரிசி, 50 கிராம் பருப்பு, 400 கிராம் வெல்லம், 100 கிராமை ஒட்டிய நெய் ஆகியவை இறங்குகின்றன. ஐந்து பேரும் சமமாகப் பகிர்ந்துகொண்டால் ஒருவர் தட்டில் 60 கிராம் அரிசியும், 10 கிராம் பருப்பும், 80 கிராம் வெல்லமும், 20 கிராம் நெய்யும் வரும். முந்திரியையும் சேர்த்தால் இது சுமார் 750 கலோரி. ஒரு வேளைக்கு இது சற்று அதிகம் என்றாலும், கலோரியைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. அந்தத் தட்டில் புரதம் 9 கிராம் அளவுக்குத்தான் இருக்கிறது, சர்க்கரையோ 65 கிராமுக்குக் குறையாமல் இருக்கிறது என்பதுதான் கவலைக்குரியது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒருவர் ஒரு நாளில் பெறும் ஆற்றலில் 10 விழுக்காட்டுக்கு மேல் சேர்க்கப்பட்ட சர்க்கரையிலிருந்து வரக்கூடாது. 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு இந்த இரண்டு எல்லைகளும் முறையே 50 கிராம், 25 கிராம். ஆகவே காலை காபியின் சர்க்கரையைக் கணக்கில் எடுப்பதற்கு முன்பே, வெள்ளிக்கிழமை இரவுத் தட்டு ஒன்றே நாளின் மேல்வரம்பைத் தாண்டிவிடுகிறது. 9 வயதுப் பையனுக்குத் தேவையான ஆற்றல் இதைவிடக் குறைவு என்பதால் அவனுக்கான வரம்பும் குறைவு.

புரதத்தின் பக்கம் வந்தால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதத்தைப் பரிந்துரைக்கிறது. 78 கிலோ எடையுள்ள உங்கள் கணவருக்கு அது 65 கிராம். மூன்று வேளைக்குப் பகிர்ந்தால் வேளைக்கு இருபது கிராமுக்குச் சற்று மேல். வழக்கமான இரவில் இட்லியோடு சாம்பாரும், தோசையோடு சட்னியும் என்று கொஞ்சம் பருப்பும் காயும் எப்படியோ உள்ளே போய்விடுகின்றன. இனிப்பு மட்டுமே உணவாகும் இரவில் அந்தப் பருப்பும் காயும் இல்லாமல் போகின்றன. ஆகையால் சர்க்கரை கூடுவதை மட்டும் பார்க்காமல், அது எதை இடம்பெயர்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதையும் நீங்கள் பார்க்க வேண்டும்.

நம் முன்னோர் இனிப்பை உணவாகவே உண்டார்களே என்று அத்தை கேட்கக்கூடும், நியாயமான கேள்விதான். ஆனால் அவர்கள் எந்த இனிப்பை உணவாக வைத்தார்கள் என்று பாருங்கள். உங்கள் பக்கத்து உளுந்தங்களியில் உளுந்துதான் முதன்மை. அரிசி மாவு அதில் நாலில் ஒரு பங்குகூட இருப்பதில்லை, மேலே கருப்பட்டியும் நல்லெண்ணெயும். பூப்பெய்திய பெண்ணுக்கு வேறு உணவில்லாமல் அதையே ஒரு வேளைக்குக் கொடுக்க முடிந்தது அதனால்தான். யாழ்ப்பாணத்தில் ஆடிப் பிறப்பன்று காய்ச்சும் ஆடிக்கூழிலும் அரிசி மாவோடு வறுத்த பயறும் தேங்காய்ப்பாலும் சேர்கின்றன. நமக்குத் தொடர்பில்லாத தூரத்திலும் இதே ஒழுங்கைக் காணலாம். ஆஸ்திரியாவிலும் செக் நாட்டிலும் பழத்தை உள்ளே வைத்து அவித்த மாவு உருண்டையை ஒரு வேளையின் முழு உணவாகவே உண்பார்கள். அந்த உருண்டையின் மாவிலோ, மேலே தூவுவதிலோ பாலாடைக்கட்டி இருக்கும், பெரும்பாலும் அதற்கு முன்னால் ஒரு கிண்ணம் சூப்பும் உண்டு. கேசரியையும் சீனி இடியாப்பத்தையும் இந்த வரிசையில் வைக்க முடியாது. அவை சிற்றுண்டிக்கும் விருந்துக்கும் உரியவை.

உங்கள் வெள்ளிக்கிழமைப் பொங்கலை இந்த வரிசைக்குக் கொண்டுவருவது கடினமில்லை. ஒரு டம்ளர் பச்சரிசிக்கு ஒரு டம்ளர் பாசிப்பருப்பு, முக்கால் டம்ளர் பொடித்த வெல்லம், அரை லிட்டர் பால், மூன்று மேசைக்கரண்டி நெய், ஒரு சிறு கைப்பிடி முந்திரி என்று மாற்றுங்கள். ஐந்தாகப் பிரித்தால் ஒருவருக்குச் சுமார் 550 கலோரியும், 16 கிராம் புரதமும் கிடைக்கும். சேர்க்கப்பட்ட சர்க்கரை 25 கிராம் அளவில் நிற்கும். அதோடு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலை வைத்தால் புரதம் இருபதைத் தாண்டிவிடும். வெள்ளிக்கிழமைக்குச் சுண்டல் பொருந்தாத பண்டம் இல்லை என்பதால் அத்தையிடமிருந்து மறுப்பு வராது என்று நினைக்கிறேன்.

பருப்பு இவ்வளவு கூடினால் பொங்கல் பருப்புக் கடைசல்போல ஆகிவிடுமோ என்று தோன்றும். பருப்பை வெறும் வாணலியில் சிறு தீயில் வறுத்து, நிறம் சற்றே சிவந்து வாசம் எழும்பிய பிறகு கழுவிப் போட்டால் அந்தப் பச்சை வாடை வராது. அரிசியையும் பருப்பையும் தண்ணீரிலும் பாலிலுமாகக் கரண்டியால் மசியும் பதத்துக்கு வேகவிட்ட பிறகே வெல்லத்தைச் சேர்க்க வேண்டும். வெல்லம் விழுந்த பிறகு அரிசியோ பருப்போ மேற்கொண்டு வேகாது. பால் சேர்ப்பதால் இன்னொரு கவனமும் தேவை. வெல்லத்தின் புளிப்புத் தன்மையால் கொதிக்கும் பால் திரிந்துவிடக்கூடும். எனவே வெல்லத்தைத் தனியே கரைத்து வடிகட்டி, இளஞ்சூட்டுக்கு ஆறவிட்டு, அடுப்பை அணைத்த பின் பொங்கலில் ஊற்றிக் கிளறுங்கள். ஏலக்காயோடு ஒரு சிட்டிகை சுக்குப்பொடி, ஒரு சிட்டிகை உப்பு, கடுகளவு பச்சைக் கற்பூரம் ஆகியவை சேர்ந்தால் குறைந்த வெல்லமே நிறைந்த இனிப்பாகத் தெரியும். இளஞ்சூட்டில் பரிமாறுவதும் உதவும், ஏனென்றால் ஆறிப்போன பொங்கலில் இனிப்பு அடங்கியே தெரியும். ஒரேயடியாக இரண்டு டம்ளரிலிருந்து முக்காலுக்கு இறங்கினால் வீட்டில் முதல் வாரமே கிளர்ச்சி வெடிக்கும். நான்கைந்து வெள்ளிக்கிழமைகளில் படிப்படியாக இறக்குங்கள், நாக்கு பழகிவிடும்.

அடுத்தது கருப்பட்டி. உடன்குடிக்கு அவ்வளவு அருகில் இருந்துகொண்டு கருப்பட்டியை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வராது. சுவைக்காகவும் மணத்துக்காகவும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் வெல்லமானாலும் கருப்பட்டியானாலும் நாட்டுச் சர்க்கரையானாலும் அதன் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். வெள்ளைச் சீனியும் அதுவேதான். உடலுக்குள் போனதும் அது பாதி குளுக்கோஸாகவும் பாதி ஃபிரக்டோஸாகவும் பிரிந்துவிடும். எந்தப் பனையிலிருந்து அல்லது எந்தக் கரும்பிலிருந்து வந்தது என்று கல்லீரல் விசாரித்துக்கொண்டிருப்பதில்லை. எனவே கருப்பட்டி போட்டதால் அளவைக் கூட்டலாம் என்ற எண்ணம் வேண்டாம். சீனிப்பாகு கலந்த கருப்பட்டியும் சந்தையில் நிறையவே புழங்குகிறது என்பதையும் மறந்துவிடாதீர்கள். வெல்லத்தில் இரும்புச்சத்து இருக்கிறதே என்று பலர் சொல்வார்கள். 100 கிராம் வெல்லத்தில் நான்கைந்து மில்லிகிராம் இருக்கலாம். 30 கிராம் வெல்லத்தில் ஒன்றரை மில்லிகிராம் தேறுவதே பெரிது, அதிலும் உடல் உறிஞ்சிக்கொள்வது சிறு பங்குதான். வயதுவந்த பெண் ஒருவருக்கு நாளொன்றுக்கு நம் நாட்டில் பரிந்துரைக்கப்படும் அளவு 29 மில்லிகிராம். முருங்கைக்கீரையும் பயறு வகைகளும், அசைவம் உண்பவர்களாயின் ஈரலும் மீனும் செய்ய வேண்டிய வேலையை வெல்லத்தின் தலையில் கட்டுவதில் பயனில்லை.

இனி உங்கள் கணவர். எச்பிஏ1சி என்னும் மூன்று மாத ரத்தச் சர்க்கரைச் சராசரி 5.7-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு; இடையில் இருப்பது நீரிழிவுக்கு முந்தைய நிலை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய ஆய்வு, நம் நாட்டில் 13.6 கோடிப் பேர் இந்த நிலையில் இருப்பதாகக் கணித்தது. ஆகவே 6.1 என்ற எண்ணைக் கண்டு பதற வேண்டியதில்லை, அசட்டையாக இருந்துவிடவும் கூடாது. இந்தக் கட்டத்தில் செய்யும் மாற்றம் பலன் தரும் என்பதற்கு வெளிநாட்டுச் சான்றைத் தேட வேண்டியதில்லை. சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவிலும் நடைப்பயிற்சியிலும் கவனம் செலுத்தியவர்கள் நீரிழிவுக்குள் நுழையும் வாய்ப்பு, வழக்கம்போல் இருந்தவர்களைவிட சுமார் 28 விழுக்காடு குறைந்தது.

அவருக்குச் சர்க்கரைப் பொங்கல் முழு உணவாக வேண்டாம், திருத்திய அளவில் செய்ததானாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பச்சரிசி குழையக் குழைய வெந்தால் அதன் மாவுச்சத்து விரைவாகக் குளுக்கோஸாக மாறும். வெல்லம் அதோடு சேர்கிறது. போதாததற்கு மாலை நேரத்தில் நம் உடலின் சர்க்கரையைக் கையாளும் திறன் காலை நேரத்தைவிடக் குறைவாக இருக்கும். ஒரே தட்டுப் பொங்கலைக் காலை எட்டு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் சாப்பிட்டால், இரவில்தான் ரத்தச் சர்க்கரை உயரமாக ஏறி மெதுவாக இறங்கும். ஆகவே அவருக்கு முதலில் ஒரு கிண்ணம் சுண்டலும் காய்கறிப் பொரியலும், பிறகு ஒரு அடையோ இரண்டு பெசரட்டோ, கடைசியில் அரைக் கிண்ணம் பொங்கல் என்று வரிசையை வையுங்கள். புரதத்தையும் காயையும் முன்னால் உண்டு மாவுப்பொருளைக் கடைசியில் உண்டால் அதே உணவுக்கு ரத்தச் சர்க்கரையின் ஏற்றம் குறைகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. விளக்கேற்றியவுடன், ஏழு மணி வாக்கில் சாப்பிட்டுவிட்டு, அரை மணி நேரத்துக்குள் ஒரு கால் மணி நேரம் நடந்துவரச் சொல்லுங்கள். அடைக்கான மாவை வெள்ளிக்கிழமை பகலிலேயே அரைத்து வைத்துவிட்டால் உங்களுக்கு இரண்டு சமையல் செய்த களைப்பு இருக்காது.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கும், அத்தைக்காக வாங்கியிருப்பீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை இப்போதைய வழக்கப்படியும், மற்றொரு வெள்ளிக்கிழமை நான் சொன்ன வரிசைப்படியும் சாப்பிட்டுவிட்டு, சாப்பிடும் முன்பும், சாப்பிடத் தொடங்கிய இரண்டு மணி நேரத்திலும், மூன்று மணி நேரத்திலும் அவர் பார்த்துக் குறித்து வைக்கட்டும். மூன்றாவது தடவை எதற்கு என்றால், நெய் நிறைந்த உணவு இரைப்பையைவிட்டு மெதுவாகவே இறங்கும். இரண்டு மணி நேரத்தில் எண் அடக்கமாகத் தெரிந்து, அதன் பிறகு ஏறிக்கொண்டிருப்பதும் உண்டு. இரண்டு மணி நேரத்தில் 140-ஐத் தாண்டுகிறதா என்று கவனியுங்கள். நான் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட அவரே பார்க்கும் அந்த எண்கள் அவரை எளிதில் சம்மதிக்க வைக்கும்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது, நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன அத்தையின் விரதம். சர்க்கரை மாத்திரை எடுக்கும் எழுபது வயதுக்காரர், ஒரு காபியோடு மாலை வரை இருக்கிறார். பிறகு 65 கிராம் சர்க்கரையுள்ள தட்டோடு விரதத்தை முடிக்கிறார். ஒரே நாளில் ரத்தச் சர்க்கரையின் தாழ்வு, உயர்வு ஆகிய இரண்டு ஆபத்துகளும் இதில் இருக்கின்றன. அவர் என்ன மாத்திரை எடுக்கிறார் என்பதை நீங்கள் எழுதவில்லை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் தாழ்சர்க்கரை வருவது அரிது. கிளைமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகளாக இருந்தால், வயிற்றில் உணவு இருக்கிறதா இல்லையா என்று பாராமல் அவை கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்யும். நம் ஊரில் மெட்ஃபார்மினோடு கிளைமிபிரைடைச் சேர்த்த ஒரே மாத்திரை மிகவும் பரவலாக எழுதிக்கொடுக்கப்படுவதால், அட்டையைத் திருப்பி உள்ளே என்ன மருந்துகள் இருக்கின்றன என்று பாருங்கள். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டபாகிளிஃப்ளோசின் போன்ற வகையாக இருந்தாலும் நீண்ட நேரப் பட்டினிக்கு முன் மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் மாத்திரையை எந்த நேரத்தில், எந்த அளவில் எடுப்பது என்பதை அவருடைய மருத்துவர்தான் மாற்றிக் கொடுக்க வேண்டும். விரதம் என்பதால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடுவதும் கூடாது, வழக்கப்படியே கொடுத்துவிட்டுப் பட்டினி போடுவதும் கூடாது.

பகலில் அவருக்கு வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, சொன்னதையே சொல்வது, திடீர் எரிச்சல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியை, அதாவது 15 கிராம் அளவை, தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். இனிப்புதானே என்று அந்த நேரத்தில் படையலுக்கு வைத்த பொங்கலை ஊட்டாதீர்கள். அதிலுள்ள நெய் சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்திவிடும். நினைவு தடுமாறுகிறவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

விரதத்தையே விட்டுவிடச் சொல்வதால் பயனில்லை என்பது எனக்குத் தெரியும். அவருடைய நம்பிக்கையில் தலையிடும் உரிமையும் எனக்கு இல்லை. பகலில் மோரும், நண்பகலில் உப்புக் குறைவான சுண்டலும், ஒரு கொய்யாப்பழமும் எடுத்துக்கொள்வதை விரதத்துக்கு உட்பட்டதாக அவர் ஏற்றுக்கொள்வாரா என்று கேட்டுப் பாருங்கள். பாலும் பழமும் எடுத்து விரதம் இருப்பது நம்மிடையே உள்ள வழக்கம்தான். மாலையில் படைத்த பொங்கலை இரண்டு தேக்கரண்டி பிரசாதமாக எடுத்து விரதத்தை முடித்துவிட்டு, அதன்பின் இட்லியும் சாம்பாருமோ, ரவை உப்புமாவும் காய்கறிக் கூட்டுமோ அவர் உண்பதுதான் ஏற்றது. "உனக்கு மட்டும் இது கூடாது" என்று தனியே உட்கார வைத்தால் அவருக்குச் சுருக்கென்று தைக்கும். உங்கள் கணவருக்கும் அன்று பொங்கல் முழு உணவு இல்லை என்பதால் தாயும் மகனும் ஒன்றாக உட்காரட்டும்.

பிள்ளைகள் இருவருக்கும் திருத்திய பொங்கல் வெள்ளிக்கிழமை முழு உணவாக இருக்கலாம், சுண்டலோடு. மற்ற இரண்டு இரவுகள்தான் என்னைக் கேட்டால் குறைய வேண்டியவை. பால் கொழுக்கட்டை என்பது அரிசி மாவும் இனிப்பும் பாலும் மட்டுமே. இடியாப்பத்துக்கு இரண்டு மேசைக்கரண்டி சீனி தூவினால் அதுவே 25 கிராம் ஆகிவிடும், புரதமோ பெயருக்குத்தான். ஆப்பம் வேண்டுமென்றால், முதல் ஆப்பத்தில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றிச் சுட்டுக் கொடுங்கள். அடுத்ததைக் காய்கறிக் குருமாவோடும், கடைசி ஒன்றை மட்டும் இனிப்புத் தேங்காய்ப்பாலோடும் சாப்பிடட்டும். முட்டை உண்ணாத வீடென்றால் கொண்டைக்கடலைக் குருமா அந்த இடத்தை நிரப்பும். தேங்காய்ப்பாலுக்கு ஏலக்காயும் நன்கு கனிந்த வாழைப்பழத் துண்டுகளும் சேர்த்தால் சீனியைப் பாதியாகக் குறைத்தாலும் மகன் கண்டுபிடிக்க மாட்டான்.

மகளுக்கு 14 வயது என்பதால் அவளுக்காகவே ஓர் இரவு உளுந்தங்களி செய்யுங்கள், மாதத்தில் இரண்டு முறை போதும். ஒருவருக்கு 40 கிராம் தோல் உளுந்து மாவு, 10 கிராம் அரிசி மாவு, 30 கிராம் கருப்பட்டி, ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் என்று வைத்தால் பத்து கிராம் புரதம் அதிலேயே வந்துவிடும். ஒரு டம்ளர் பாலும் குடித்தால் ஒரு வேளை உணவு நிறைவடையும். கட்டி தட்டாமல் இருக்க மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்துவிட்டு, அதன்பின் கருப்பட்டிப் பாகில் ஊற்றிக் கிண்டுங்கள். கையை நனைத்துக்கொண்டு தொட்டால் ஒட்டாமல் வரும்போது இறக்கலாம்.

பிள்ளைகளிடம் இனிப்பு இரவு எந்தக் கிழமை என்பதை முன்கூட்டியே சொல்லி நிலையாக வைத்துக்கொள்வது நல்லது. அன்றாடம் கேட்டுக் கேட்டுப் பெறுவதாக இருந்தால் அவர்கள் அன்றாடம் கேட்பார்கள். பொரியலை முடித்தால் பால் கொழுக்கட்டை என்று பேரம் பேசுவதையும் தவிருங்கள். அது பொரியலைத் தண்டனையாகவும் கொழுக்கட்டையைப் பரிசாகவும் ஆக்கிவிடும். வெல்லமும் கருப்பட்டியும் பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்பவை என்பதால் அந்த இரவுகளில் படுக்கும் முன் பல் துலக்குவதில் சலுகை வேண்டாம்.

மீந்த பொங்கலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். புதிய அளவில் வெல்லம் குறைந்து பாலும் பருப்பும் கூடியிருப்பதால், இது உங்கள் பழைய பொங்கலைப்போல வெளியில் வைத்தால் தாங்காது. வெந்த அரிசியில் தப்பிப் பிழைக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா, அறை வெப்பத்தில் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுநாள் சூடுபடுத்தினாலும் அழியாது. எனவே இரவு பரிமாறி முடித்ததும், இரண்டு மணி நேரத்துக்குள், அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் தேவையான அளவை மட்டும் எடுத்து, கொஞ்சம் பால் தெளித்து ஆவி பறக்கச் சுடவைத்துக் கொடுக்கலாம். ஆனால் அதையே காலை உணவாக்கிவிட வேண்டாம். இட்லி அல்லது தோசையோடு ஆளுக்கு ஒரு சிறு கரண்டி போதும். அதற்கு மேல் மீந்துகொண்டே இருந்தால் அடுத்த வெள்ளிக்கிழமை முக்கால் டம்ளர் அரிசியோடு தொடங்குங்கள். உங்கள் கணவரும் அத்தையும் சிறிதளவே எடுக்கத் தொடங்கிய பிறகு பானைக்கு அவ்வளவு தேவைப்படாது.